கௌபாய்க்கு மாதச் சம்பளம் எவ்வளவு?

மேற்குத்திசை | வெள்ளி, இரவு 9.12

எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கி வந்த அன்று அம்மா சொன்னது: "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு." அந்த நேரத்தில் என் பாடப்புத்தகத்துக்குள் ஒரு கௌபாய் காமிக்ஸ் ஒளிந்திருந்தது. அம்மா எதைத் தண்டனையாகச் சொன்னாரோ, அதே வேலையைச் செய்பவனைத்தான் நான் தெய்வமாக வைத்திருந்தேன். அன்று அது உறைக்கவில்லை.

போன வாரம் பரணை ஒழித்தபோது அந்தக் கட்டு கையில் கிடைத்தது. 23 இதழ்கள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் படித்து முடித்தேன். சுட்டார்கள், துரத்தினார்கள், சீட்டாடினார்கள், நெருப்பு மூட்டிக் காபி குடித்தார்கள். ஒருவர்கூட மாடு மேய்க்கவில்லை.

அப்படியானால் உண்மையான கௌபாய் என்னதான் செய்தார், அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது இது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நீண்ட கொம்பு மாடுகள் கேட்பாரற்றுப் பெருகிக் கிடந்தன. அங்கே ஒரு மாடு 4 டாலர். வடக்கு நகரங்களில் அதுவே 40 டாலர். 1867இல் கான்சாஸ் மாநிலத்து அபிலீனில் ஒரு வியாபாரி ரயில் நிலையத்தை ஒட்டிப் பெரிய பட்டிகள் கட்டினார். டெக்சாஸிலிருந்து அந்தப் பட்டி வரைக்கும் மாடுகளை நடத்திக்கொண்டு போக ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் கௌபாய். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். நாளுக்கு 10 முதல் 15 மைல். இரண்டு மூன்று மாதப் பயணம். மாதச் சம்பளம் 25 முதல் 40 டாலர். அதாவது, தான் ஓட்டிப் போகும் மந்தையில் ஒரே ஒரு மாட்டின் விலை.

இந்த வேலையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். திறந்த புல்வெளி வேலிக்குள் போயிற்று. ரயில் பாதைகள் மாடு இருக்கும் இடத்துக்கே வந்தன. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளிகளில் மாடுகள் லட்சக்கணக்கில் பனியில் செத்தன. ஆகமொத்தம் ஏறத்தாழ இருபது வருடப் பிழைப்பு.

இருபது வருடம் மட்டும் இருந்த ஒரு கூலி வேலை எப்படி உலகம் முழுவதும் அடையாளம் தெரிகிற உருவமாக மாறியது? என் கட்சி இதுதான்: அவருடைய சம்பளத்தையும் மாட்டையும் கண்ணிலிருந்து மறைத்த பிறகுதான் அவர் சின்னமானார். மறுப்பவர்கள் வரலாம்.


பாலை_நரி | வெள்ளி, இரவு 9.40

அண்ணா, அந்தக் கட்டை விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். விவாதம் அப்புறம்.

நீங்கள் படித்த 23இல் பாதியாவது கௌபாய் கதையே இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன். டெக்ஸ் வில்லர் ஒரு ரேஞ்சர், அதாவது போலீஸ்காரர் மாதிரி. கேப்டன் டைகர் குதிரைப்படை அதிகாரி. மற்றவர்களில் ஷெரீப் உண்டு, வெகுமதிக்காக ஆள் பிடிப்பவர் உண்டு, தங்கம் தோண்டுபவர் உண்டு. லக்கி லுக் மட்டும்தான் தன்னைக் கௌபாய் என்று பாடிக்கொண்டே ஒவ்வொரு கதையின் கடைசிக் கட்டத்திலும் அந்தி வெயிலை நோக்கிப் போவார். தொப்பி, குதிரை, துப்பாக்கி மூன்றும் இருந்தால் நாம் எல்லோருக்கும் கௌபாய் என்று பெயர் வைத்துவிட்டோம். மாடு வரவில்லை என்று புகார் சொல்வது, போலீஸ் கதையில் உழவு வரவில்லை என்று சொல்வதைப் போல.


நூலகப்பூச்சி | வெள்ளி, இரவு 11.05

நரி, பெயரைக் குழப்பியது நாம் மட்டும் இல்லை. அமெரிக்கர்களே அப்படித்தான் குழப்பினார்கள். அதில் ஒரு கதை இருக்கிறது.

அந்தச் சொல்லுக்கு முதலில் நல்ல பெயர் கிடையாது. அமெரிக்க விடுதலைப் போரின்போது நியூயார்க் பக்கத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு ஆதரவாக மாடு திருடிக் கொள்ளையடித்த கும்பல்களை 'கௌபாய்' என்றார்கள். நூறு வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையில், அரிசோனாவில் சட்டம் ஒழுங்கைக் கெடுக்கும் ஆயுதக் கும்பல் என்று சொல்லிக் கௌபாய்களைக் குறிப்பிட்டார். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் மாட்டுக்காரர், மந்தைக்காரர் என்ற பொருளில் வேறு சொற்களைப் பயன்படுத்தினார்கள்.

அதற்கு இரண்டே வருடம் கழித்து, 1883 மே மாதம், நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் பஃபலோ பில் என்று பெயரெடுத்த வில்லியம் கோடி தன் காட்சியைத் தொடங்கினார். சர்க்கஸ், குதிரைப் பந்தயம், நாடகம் மூன்றும் சேர்ந்த மாதிரி ஒன்று. கோடி கௌபாய் இல்லை. படைக்கு வழிகாட்டியாகவும் எருமை வேட்டைக்காரராகவும் இருந்தவர். ஆனால் அவருடைய குழுவில் டெக்சாஸிலிருந்து வந்த பக் டெய்லர் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், தோளில் புரளும் முடி. அவரைக் 'கௌபாய்களின் ராஜா' என்று மேடையேற்றினார்கள். 1887இல் அவரை நாயகனாக வைத்து ஒரு மலிவுப் பதிப்பு நாவல் வந்தது. அதே வருடம் குழு லண்டனுக்குப் போய், பொன்விழாக் கொண்டாட்டத்தில் இருந்த விக்டோரியா மகாராணி முன்னால் ஆடிக் காட்டியது. ஆறே வருடத்தில் ஜனாதிபதி திட்டிய சொல், மகாராணி கைதட்டும் சொல்லாகிவிட்டது.

1902இல் வந்த ஒரு நாவல்தான் கௌபாயை நிஜமான இலக்கிய நாயகனாக்கியது. எழுதியவர் ஓவன் விஸ்டர், ஹார்வர்டில் படித்த பிலடெல்பியாக்காரர். அந்த நாயகனும் மாடு மேய்ப்பதைப் பார்க்கவே முடியாது. ஒரு பின்குறிப்பு: கௌபாய்த் தொப்பி என்றவுடன் நினைவுக்கு வரும் ஸ்டெட்சன் தொப்பியைச் செய்த தொழிற்சாலையும் பிலடெல்பியாவில்தான் இருந்தது. கிழக்குக் கடற்கரை தைத்துக் கொடுத்த மேற்கு என்று சொல்லலாம்.


டல்லாஸ்_வாசி | சனி, காலை 6.20

நான் இருப்பது அந்த மாநிலத்தில்தான் என்பதால் ஒரு சாட்சியம். பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் பழைய மாட்டுச் சந்தைப் பகுதியைச் சுற்றுலா இடமாக வைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை, முற்பகல் 11.30க்கும் மாலை 4க்கும், கொஞ்சம் நீண்ட கொம்பு மாடுகளைத் தெருவில் நடத்திக் காட்டுவார்கள். ஊரிலிருந்து வந்த மாமனாரை அழைத்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் மாடுகள் கடந்துவிட்டன. "இதற்கா இத்தனை தூரம் கார் ஓட்டி வந்தோம்? நம் ஊரில் சாயங்காலம் வாசலில் நின்றால் போதுமே" என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் தொப்பியும் பூட்ஸும் போட்டு வரும் மேலாளர்கள் உண்டு. அவர்கள் தொட்ட மாட்டிறைச்சி தட்டில் இருப்பது மட்டும். இப்படிப்பட்டவர்களைச் சொல்ல டெக்சாஸ்காரர்களே ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: தொப்பி முழுசு, மாடு பூஜ்யம்.


கரிசல்காரர் | சனி, காலை 8.15

எனக்குக் காமிக்ஸ் தெரியாது. மாடு தெரியும். மேற்குத்திசை தம்பி எழுதியதில் நாளுக்கு 10 முதல் 15 மைல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சரியான கணக்கு. என் தாத்தா காலத்தில் சந்தைக்கு மாடுகளை நடத்தியே கொண்டுபோவார்கள். "மாட்டை விரட்டாதே, உன் காசுதான் உருகுகிறது" என்பார். நடையில் மாடு மெலிந்தால் விற்கும்போது விலை போகாது. மேய விட்டு, தண்ணீர் காட்டி, அசை போட விட்டு, மறுபடி கிளப்ப வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு நேற்று இரவு இணையத்தில் இந்தப் பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். மந்தைக்கு முன்னால் அனுபவசாலி இரண்டு பேர். பக்கவாட்டில் சிலர். வாலில் புதுப் பையன்கள். மூவாயிரம் மாடு கிளப்புகிற புழுதியை நாள் முழுக்கத் தின்பது அவர்கள் வேலை. கழுத்தில் கட்டுகிற கைக்குட்டை அழகுக்கு இல்லை, மூக்கில் கட்டிக்கொள்ள. இரவில் முறை வைத்துக் காவல். மந்தையைச் சுற்றி மெதுவாகக் குதிரையில் வந்தபடி தாழ்ந்த குரலில் பாடுவார்களாம், மாடு மிரளாமல் இருக்க. இடி இடித்தாலோ யாராவது பாத்திரத்தைக் கீழே போட்டாலோ மொத்த மந்தையும் எழுந்து ஓடும். அதற்குக் குறுக்கே போய் மாட்டிக்கொண்டு செத்தவர்கள் உண்டு.

இப்போது என் சந்தேகம். சினிமாவில் கௌபாய் என்றால் எப்போதும் குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விடுகிறார், காரணமே இல்லாமல் வானத்தை நோக்கிச் சுடுகிறார். மந்தைக்குப் பக்கத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பியிருப்பார். அந்தத் தொழிலில் எதைச் செய்யக் கூடாதோ அதையே அந்தத் தொழிலின் அடையாளமாகக் காட்டியிருக்கிறார்கள்.


மேற்குத்திசை | சனி, காலை 8.31

ஐயா, நான் நாலு பத்தியில் சொல்ல முயன்றதை உங்கள் கடைசி வரி சொல்லிவிட்டது. அந்தப் பாட்டு எனக்குப் புதிய செய்தி. ரசிகர் மன்றத்துக்காக இல்லாமல் மாடு தூங்குவதற்காகப் பாடிய பாட்டு.


திரைக்கூத்தன் | சனி, பகல் 1.48

எல்லோரும் தொழிலாளர் நல ஆய்வாளர் மாதிரிப் பேசுகிறீர்கள். சின்னம் என்றால் அசலிலிருந்து கழன்று வந்ததுதான். அசலுக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்று அதை எடை போட முடியாது. எங்கே போய் என்ன வேலை செய்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் பெயர்பெற்ற கௌபாய்ப் படம் 1903இல் ரயில் கொள்ளையைப் பற்றி எடுத்தது. படப்பிடிப்பு பெரும்பாலும் நியூஜெர்சியில், நியூயார்க்குக்குப் பக்கத்தில். ஆக, முதல் நாளிலிருந்தே அது எங்கே வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கதை. ஜப்பானின் அகிரா குரோசாவா, அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களை விரும்பிப் பார்த்தவர். அவர் 1961இல் எடுத்த சாமுராய்ப் படத்தை இத்தாலியின் செர்ஜியோ லியோனே கேட்காமல் எடுத்து, ஸ்பெயினில் அல்மெரியாவின் வறண்ட நிலத்தில் 1964இல் கௌபாய்ப் படமாக்கினார். ஜப்பானியத் தரப்பு சண்டைக்குப் போய் இழப்பீடு வாங்கியது. அந்த அலை பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரப் பாறைகள் வரை வந்து 1975இல் ஓர் இந்திப் படமானது. அதற்கு முன்பே இங்கே தமிழில் இயக்குநர் கர்ணன், நடிகர் ஜெய்சங்கருக்குத் தொப்பி மாட்டிக் குதிரையில் ஏற்றிவிட்டார். இவற்றில் எந்தப் படத்துக்கும் மாட்டுச் சந்தை நிலவரம் தேவைப்படவில்லை.

என் முக்கியமான சாட்சி போலந்து. 1989 ஜூன் 4. கம்யூனிஸ்ட் ஆட்சிக்குக் கீழ் ஓரளவு சுதந்திரமாக நடந்த முதல் தேர்தல். சாலிடாரிட்டி தொழிற்சங்கம் ஒட்டிய சுவரொட்டியில் இருந்தவர் ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர். 1952இல் வந்த ஒரு படத்தில் நண்பகல் ரயிலில் வரும் கொலைகாரனையும் அவன் கூட்டாளிகளையும் தனியாக எதிர்கொள்ளும் மார்ஷலாக, அதாவது ஊர்க் காவல் அதிகாரியாக நடித்தாரே, அதே நடை. கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச்சீட்டு. நெஞ்சில் நட்சத்திரப் பட்டைக்கு மேலே சாலிடாரிட்டி சின்னம். நீண்ட விளக்கம் எதுவும் இல்லை. வார்சாவில் காலையில் வீட்டை விட்டு வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் அது புரிந்தது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர், படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவால் விசாரிக்கப்பட்டு, பிழைப்புப் போய், இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். இடதுசாரி வேட்டையில் அடிபட்ட ஒருவர் எழுதிய பாத்திரம், முப்பத்தேழு வருடம் கழித்துக் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்க்க வாக்குக் கேட்டது. கௌபாய்ப் படங்களின் பெரிய நட்சத்திரமான ஜான் வெய்னுக்கு அந்தப் படமே பிடிக்காது, அமெரிக்கத்தன்மை இல்லாத படம் என்று திட்டினார். சம்பளச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.


பாலை_நரி | சனி, பகல் 1.55

அவரும் மார்ஷல்தான். கௌபாய் இல்லை. சொன்னேன் அல்லவா.


நூலகப்பூச்சி | சனி, மாலை 5.30

திரைக்கூத்தன், போலந்துச் சுவரொட்டி அருமையான சாட்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னம் கழன்று போய்ச் செய்த வேலைகளில் அது ஒன்று. அதைவிடப் பெரிய வேலை ஒன்று சிகரெட்.

மார்ல்பரோ 1924இல் பெண்களுக்கான சிகரெட்டாக விற்பனைக்கு வந்தது. மே மாதம்போல் மென்மையானது என்பது விளம்பரம். உதட்டுச் சாயம் ஒட்டினால் தெரியாமல் இருக்க நுனியில் சிவப்புப் பட்டை வைத்த பதிப்புகூட இருந்தது. 1950இலிருந்து புகைப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகள் வெளிவந்து மக்களிடம் பயம் வந்தது. கம்பெனிகள் வடிகட்டி வைத்த சிகரெட்டைக் காட்டி அந்தப் பயத்தைத் தணிக்கப் பார்த்தன. சிக்கல் என்னவென்றால் வடிகட்டி வைத்ததைப் பிடிப்பது ஆண்பிள்ளைத்தனம் இல்லை என்று ஆண்கள் நினைத்தார்கள். சிகாகோவின் லியோ பர்னெட் விளம்பர நிறுவனத்திடம் வேலை வந்தது. 1954-55இல் அவர்கள் போட்ட படங்களில் கௌபாயுடன் வேறு தொழில் செய்யும் ஆண்களும் இருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் மற்ற எல்லோரையும் கழித்துவிட்டுக் கௌபாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஏன் அவரை மட்டும்? என் ஊகத்தைச் சொல்கிறேன். கடலோடிக்குக் கப்பல் முதலாளி உண்டு, விமானிக்கு விமான நிறுவனம் உண்டு. படத்தில் கௌபாய்க்கு மேலே வானம்தான் இருக்கிறது. முதலாளி இல்லாத ஆண் என்று யாரைக் காட்டினாலும் நம்பாத அலுவலக ஊழியர்கள் இவரை நம்பினார்கள். மேற்குத்திசை சொன்ன அந்த மறைப்பு இங்கே நூல் பிடித்தது மாதிரி வேலை செய்தது.

1971 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்தது. மற்ற கம்பெனிகள் திணறின. இவர்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. தொப்பி, குதிரை, மலை, ஒரு பெயர். அச்சில் அது போதும். 1972இல் உலகிலேயே அதிகம் விற்கும் சிகரெட் அதுதான்.

நடிகர்கள் குதிரையில் உட்காருவது பொய்யாகத் தெரிகிறது என்று பிறகு உண்மையான பண்ணைத் தொழிலாளிகளைத் தேடிப் போனார்கள். வயோமிங்கைச் சேர்ந்த டாரெல் வின்ஃபீல்டு 1968இலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் அந்த முகமாக இருந்தார். அந்த விளம்பரத்தோடு தொடர்புடையவர்களில் வெய்ன் மெக்லாரன் பிற்பாடு புகைக்கு எதிராகப் பிரசாரம் செய்து, 1992இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். 1976இல் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி, புகைப் பழக்கத்தால் நோயில் விழுந்த ஆறு நிஜ அமெரிக்கக் கௌபாய்களைப் பேட்டி எடுத்து, நடுநடுவே அந்த விளம்பரத்தையும் ஒட்டிக் காட்டியது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய் மறு ஒளிபரப்பை நிறுத்தியது.

இன்னும் ஒன்று. ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்த விளம்பரப் பக்கங்களை எழுத்தை நீக்கி மறுபடி புகைப்படமாக எடுத்தார். அதில் ஒன்று 2005இல் ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. மாதம் 40 டாலர் வாங்கியவரின் நிழலைப் படம் எடுத்து, அந்தப் படத்தையும் படம் எடுத்ததற்கு.


கிழக்கு_இலண்டன் | சனி, இரவு 7.02

இங்கே பிரிட்டனில் அந்தச் சொல் இன்னமும் வசவுதான், தெரியுமோ? ஒழுங்காக வேலை தெரியாமல் வந்து, முன்பணம் வாங்கி, சுவரை உடைத்துப் போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுக்காத கட்டட வேலைக்காரரைத்தான் 'கௌபாய்' என்பார்கள். போன மாரியில் எங்கள் கூரை ஒழுகியபோது ஒருவர் வந்தார். ஏணி, பெரிய பேச்சு, மலிவு விலை. அவர் போன மறுவாரம் முன்பு ஒரு வாளி வைத்த இடத்தில் நாங்கள் மூன்று வாளி வைத்தோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் கூரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "கௌபாய்" என்று ஒரே சொல்லில் முடித்தார். பிள்ளைக்கு அப்போது கௌபாய் உடுப்பில் பிறந்தநாள் விழா வைத்திருந்தோம். அவன் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான்.


பனித்துளி | சனி, இரவு 8.44

புதிதாக வந்தவள், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நேரம் பேசியதில் கறுப்பர்கள் வரவே இல்லையே? 'பாய்' என்ற பகுதியே கறுப்பினத் தொழிலாளிகளை 'பையா' என்று அழைத்ததிலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். செவ்விந்தியர்களும் இதுவரை வரவில்லை. யாருடைய நிலத்தில் அந்த மாடுகள் நடந்தன?


நூலகப்பூச்சி | சனி, இரவு 10.20

பனித்துளி, இரண்டும் முதலிலேயே வந்திருக்க வேண்டிய கேள்விகள். நானும் குற்றவாளிதான்.

சொல்லின் பிறப்பு பற்றிய அந்தக் காணொளிக் கதை நிற்காது. பசு மேய்க்கும் சிறுவன் என்ற பொருளில் அந்தச் சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் கறுப்பினத் தொழிலாளிகளைப் பற்றிய செய்தி உண்மை. டெக்சாஸின் மாட்டுப் பண்ணைகளில் அடிமைகளாக வேலை கற்றவர்கள், விடுதலைக்குப் பிறகு அதையே கூலிக்குச் செய்தார்கள். நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர் சிலர் கணிக்கிறார்கள். எண்ணில் தகராறு உண்டு, சிறு எண்ணிக்கை இல்லை என்பதில் தகராறு இல்லை. நாட் லவ் என்பவர் 1907இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். கொஞ்சம் அளந்துதான் விட்டிருப்பார், படித்தாலே தெரியும். மந்தைப் பயணங்கள் நின்றுபோன பிறகு அவர் ரயிலில், படுக்கை வசதிப் பெட்டியின் பணியாளராகச் சேர்ந்தார். எந்த ரயில் அவர் பிழைப்பை முடித்ததோ அதிலேயே சீருடை போட்டு வேலை.

ரோடியோ என்கிற கௌபாய் விளையாட்டுப் போட்டிகளில், ஓடும் காளையைக் குதிரையிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் போட்டியைப் பிரபலப்படுத்தியவர் பில் பிக்கெட், கறுப்பர். 1994இல் அமெரிக்கத் தபால் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அச்சடித்த பிறகுதான் அது அவருடைய சகோதரரின் படம் என்று தெரிந்தது. திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். கௌரவிக்கும்போதுகூட முகம் தெரியவில்லை.

இன்னொரு கூட்டம், எல்லோருக்கும் ஆசிரியர்கள். மெக்சிகோவின் வாக்கேரோக்கள், அதாவது குதிரையில் மாடு மேய்ப்பவர்கள். கயிறு வீசுவது, சேணத்தின் முன்கொம்பில் கயிற்றைச் சுற்றுவது, காலுக்குத் தோல் கவசம், எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. லாசோ, ராஞ்ச், ரோடியோ, பிராங்கோ, மஸ்டாங் எல்லாம் ஸ்பானியச் சொற்களின் திரிபு. அமெரிக்காவின் மிகத் தனித்துவமான தொழில் என்று சொல்லப்படுவதில் பாதிச் சொல் கடன்.

நிலம் பற்றி. அந்தச் சமவெளிகளில் கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளை 1880களின் முடிவுக்குள் சில நூறாகக் குறைத்தார்கள். அவற்றை நம்பி வாழ்ந்த மக்களை ஒதுக்கிடங்களுக்குள் தள்ளினார்கள். காலியான புல்லில்தான் மாடு மேய்ந்தது. டெக்சாஸ் மந்தைகள் வடக்கே போன வழி, இன்றைய ஒக்லஹோமாவில் அப்போது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கியிருந்த நிலத்தின் ஊடாகச் சென்றது. அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் கேட்டார்கள். அந்தப் பெரிய வழிக்கே ஜெஸ்ஸி சிஷோம் என்பவர் பெயர். தாய் செரோக்கி, தந்தை ஸ்காட்டிஷ் வழி. பஃபலோ பில் குழுவில் 1885இல் ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராகப் போய்க் கூட்டத்துக்கு முன் நின்றவர் சிட்டிங் புல், லக்கோட்டா மக்களின் தலைவர். ஒன்பது வருடம் முன்பு அமெரிக்கப் படை தோற்றது அவருடைய ஆட்களிடம்.

நரி, உங்கள் டெக்ஸ் நவஹோ என்கிற செவ்விந்திய மக்களின் தலைவராகவும் இருக்கிறார் அல்லவா? ஐரோப்பியர்களுக்கு இந்த விஷயத்தில் உறுத்தல் இருந்திருக்கிறது.


பாலை_நரி | சனி, இரவு 10.47

ஆமாம் அக்கா. இரவுக் கழுகார் என்றுதான் நாங்கள் அழைப்போம். 1948இலிருந்து இத்தாலியில் வருகிறது. மனைவி நவஹோ, மகன் பாதி நவஹோ. ஜெர்மனியில் கார்ல் மே என்பவர் செவ்விந்தியத் தலைவர் ஒருவரை நாயகனாக்கி எழுதிக் குவித்தார். அமெரிக்காவை நேரில் பார்த்ததே 1908இல், ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதிய பிறகு. அப்போதும் மேற்குப் பக்கம் போகவில்லை. கிழக்கு ஜெர்மனி அரசு எடுத்த படங்களில் செவ்விந்தியர்தான் நாயகர், வெள்ளைக்காரர் வில்லன்.

நூலகப்பூச்சி அக்காவின் சிகரெட் கதைக்கு என் பங்கு: லக்கி லுக் வாயில் தொங்கிக்கொண்டிருந்த சிகரெட்டை 1983இல் எடுத்துவிட்டு ஒரு புல்லை வைத்தார்கள். உலகச் சுகாதார அமைப்பு அதற்காக ஓவியர் மோரிஸுக்கு விருது கொடுத்தது. புல்! இந்த இழையில் மாட்டுக்குச் சம்பந்தமான பொருள் ஒரு கௌபாயின் வாய்க்கு வந்தது அப்போதுதான்.


மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 7.00

ஜான் வெய்ன் அரசியல் பற்றி வந்த 14 பின்னூட்டங்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். காமிக்ஸ் விலை பேசுவதை விற்பனைப் பகுதியில் வைத்துக்கொள்ளவும். நரி, உங்களைத்தான்.


மேற்குத்திசை | ஞாயிறு, காலை 10.15

இரவு முழுக்கத் தூங்கவில்லை. காரணம் ஒரு வருடக் கணக்கு.

நூலகப்பூச்சி 1883 மே மாதம் ஒமாஹாவில் காட்சி தொடங்கியது என்றார். அதே 1883 வசந்தத்தில், டெக்சாஸின் வட முனையில், டாஸ்கோசா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆமாம், வேலைநிறுத்தம். பண்ணைகள் அப்போது தூரத்து முதலீட்டாளர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. முன்பெல்லாம் வேலையாள் தனக்கென்று நாலு மாடு வைத்துக்கொள்ளலாம், உரிமையாளர் தெரியாத கன்றுக்குத் தன் குறியைச் சுடலாம், ஒருநாள் தானும் சிறு பண்ணை வைக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. புதிய முதலாளிகள் அதை நிறுத்தினார்கள். மிஞ்சியது மாதக் கூலி மட்டும். 24 பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்: மாதம் 50 டாலருக்குக் குறைந்து வேலை செய்ய மாட்டோம். பிறகு இன்னும் பலர் சேர்ந்தார்கள்.

தோற்றுப்போனார்கள். பண்ணைகள் அவர்களை விலக்கிவிட்டு வேறு ஆட்களை எடுத்தன. வேலைக்கு ஆள் வரிசையில் நின்றது. சேர்த்து வைத்த பணம் டாஸ்கோசாவின் மதுக்கடைகளில் கரைந்தது. சில மாதங்களில் எல்லாம் முடிந்தது.

அவர்கள் தோற்றுக்கொண்டிருந்த அதே மாதங்களில், வடக்கே ஓர் ஊரில், டிக்கெட் வாங்கிக்கொண்டு மக்கள் சுதந்திரமான கௌபாயைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கூத்தன், நீங்கள் சொன்னது எல்லாம் சரி. சின்னம் போலந்துக்குப் போனது, நல்ல காரியம் செய்தது. ஆனால் அங்கே அந்தச் சுவரொட்டியை ஒட்டியது ஒரு தொழிற்சங்கம் என்பதை நேற்று நீங்களே எழுதினீர்கள். டாஸ்கோசாக்காரர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

1972இல் அமெரிக்க ஜனாதிபதியின் ஆலோசகராக இருந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சர் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரிடம், தான் தனியாகக் குதிரையில் ஊருக்குள் வருகிற கௌபாய் மாதிரி, அமெரிக்கர்களுக்கு அது பிடிக்கிறது என்ற பொருளில் சொன்னார். பிறகு அந்தப் பேட்டிக்காக வருந்தினார். தனியாக ஒரு கௌபாய் என்ன செய்ய முடியும்? கரிசல்காரர் ஐயாவைக் கேளுங்கள், தனியாளாக மூவாயிரம் மாட்டை ஒரு பர்லாங் நகர்த்த முடியுமா என்று.


திரைக்கூத்தன் | ஞாயிறு, காலை 11.02

தொழிற்சங்கக் கணக்கில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். அந்த வேலைநிறுத்தத்தை யாராவது படமாக எடுத்தால் நான் முதல் காட்சிக்கு வருவேன். கூட்டம் வராது என்றும் சொல்லிவைக்கிறேன்.


கரிசல்காரர் | ஞாயிறு, பகல் 12.30

நகர்த்த முடியாது. ஒரு பர்லாங் என்ன, எழுப்பவே முடியாது.

தம்பி, அந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு கேள்வி. மூன்று மாதம் நடுக்காட்டில் போகிறவர்களுக்குப் பொங்கிப் போட்டவர் ஒருவர் இருந்திருப்பாரே? வண்டிக்காரச் சமையல்காரர். அவரைச் சேர்த்துக்கொண்டார்களா, விட்டுவிட்டார்களா?


மேற்குத்திசை | ஞாயிறு, பகல் 12.41

சேர்த்துக்கொண்டார்கள் ஐயா. இரண்டாவது நிபந்தனையே அதுதான். நல்ல சமையல்காரருக்கும் மாதம் 50 டாலர். 'நல்ல' என்ற சொல் காகிதத்திலேயே இருக்கிறது.


கரிசல்காரர் | ஞாயிறு, பகல் 12.50

விவரமான ஆட்கள். சுமாராகச் சமைப்பவருக்கு எவ்வளவு என்று எழுதவில்லையா?